எஸ்போசிட்டோ: அது ஒரே வம்சத்தோட பேர் இல்ல

இத்தாலியக் குடும்பங்களோட வம்சாவளி தேடித் தர்றதுதான் என் தொழில், அதுல அடிக்கடி வர்ற குடும்பப்பேர் எஸ்போசிட்டோ. அமெரிக்கா, கனடா, அர்ஜென்டினான்னு எங்கெங்கேயோ இருந்து எழுதுவாங்க, கூடவே ஒரு போட்டோ வரும், கேடயம், சிங்கம், மேல கிரீடம், கீழ எஸ்போசிட்டோ குடும்பச் சின்னம்னு எழுதி ஃப்ரேம் போட்டது, ஆன்லைன்ல காசு குடுத்து வாங்கினது. இந்தப் பிரபு யாருன்னு கண்டுபிடிச்சுச் சொல்லுங்கன்னு கேப்பாங்க. இத வாசிக்கிறவங்கள்ல இத்தாலியக் குடும்பத்துல சம்பந்தம் பண்ணினவங்களும் இருப்பீங்க, பேரப்பிள்ளைங்களுக்கு இந்தப் பேர் வந்திருக்கலாம், அதனால விவரமாவே சொல்லிடறேன்.

எஸ்போசிட்டோன்னா வெளியில வைக்கப்பட்ட குழந்தைன்னு அர்த்தம், லத்தீன்லேர்ந்து வந்தது. தெற்கு இத்தாலியில இருக்கிற நேப்பிள்ஸ் நகரத்துல அனுன்சியாட்டான்னு தேவாலயமும் ஆஸ்பத்திரியும் சேர்ந்த பெரிய தர்ம நிறுவனம் 14ஆம் நூற்றாண்டுலேர்ந்து இருந்துச்சு. அதோட சுவர்ல ஒரு திறப்பு, அதுக்குள்ள மரத்துல சுத்தற ஒரு உருளை, அதத்தான் சக்கரம்னு சொல்வாங்க, தெருவுல நிக்கிறவங்க குழந்தைய அதுல வெச்சு சுத்தி விட்டா குழந்தை உள்ள போயிடும், வெச்சது யாருன்னு உள்ள இருக்கிறவங்களுக்குத் தெரியாது. உள்ள இருக்கிறவங்க எடுத்து, குளிப்பாட்டி, ஞானஸ்நானம் குடுத்து, ரெஜிஸ்டர்ல எழுதுவாங்க, எந்த நேரத்துல வந்துச்சு, பிறந்து எத்தன நாள் இருக்கும், என்ன துணி சுத்தியிருந்துச்சு, கூட சீட்டு ஏதாவது இருந்துச்சான்னு. அப்பா அம்மா பேர் எழுத வழியில்ல, அதனால குடும்பப்பேர் எஸ்போசிட்டோ. 17ஆம் நூற்றாண்டு ரெஜிஸ்டர்ங்க இன்னமும் இருக்கு. ஊர் ஜனங்க இந்தக் குழந்தைங்கள மடோன்னாவோட, அதாவது மேரி மாதாவோட பிள்ளைங்கன்னுதான் சொன்னாங்க, எனக்கு அது ரொம்பப் பிடிச்ச விஷயம்.

கல்யாணம் ஆகாதவங்க பெத்த பிள்ளைங்க மட்டும்தான் சக்கரத்துக்கு வந்துச்சுன்னு நினைக்காதீங்க. பஞ்சம் வந்தா, இல்ல தாய்க்கு பால் இல்லன்னா, தாலி கட்டின குடும்பங்களே வேற வழியில்லாம கொண்டாந்து வெச்சிருக்காங்க, அப்புறமா நிலைமை தேறினா திரும்பி வந்து கேக்கலாம்னு பாதியா உடைச்ச காசோ மெடலோ குழந்தையோட துணியில வெச்சு அனுப்பினவங்க உண்டு, ஃப்ளோரன்ஸ்ல இன்னொசென்டி அனாதை இல்லத்தோட மியூசியத்துல அந்தப் பாதி மெடல்ங்கள வரிசையா வெச்சிருக்காங்க, பாத்தா மனசு தாங்காது. ஏன்னா வந்த குழந்தைங்கள்ல ரொம்ப பேர் முதல் வருஷத்தத் தாண்டல.

பிழைச்சவங்கள சுத்துப்பட்டு கிராமங்கள்ல இருந்த பாலூட்டும் தாய்மார்கிட்ட காசு குடுத்து விடுவாங்க. சிலர் அங்கேயே வளந்து, அங்கேயே கல்யாணம் பண்ணிக்கிட்டு, நகரத்துக்கு வெளியவும் இந்தப் பேரப் பரப்பினாங்க. ஒண்ணுக்கொண்ணு ரத்த சம்பந்தமே இல்லாத பிள்ளைங்க பல நூறு வருஷமா ஒரே பேர வாங்கினதால, இன்னிக்கு நேப்பிள்ஸ்ல அதுதான் ரொம்ப அதிகமா இருக்கிற குடும்பப்பேர், மொத்த இத்தாலியிலயும் முன்வரிசையில இருக்கு. ஒவ்வொரு ஊர்லயும் இந்த மாதிரி ஒரு பேர் உண்டு, ஃப்ளோரன்ஸ்ல இன்னொசென்டி, ரோம்ல ப்ரொயெட்டி, மிலான்ல கொலொம்போ, பொலொன்யாவுல டெல்யி எஸ்போஸ்டி. மிலான் ஆஸ்பத்திரிக்கு சின்னம் புறா, அதனால அங்க புறான்னே பேர். ஆனா கொலொம்போ வேற வழியிலயும் வந்திருக்கலாம், பேர மட்டும் பாத்து முடிவு பண்ணாதீங்க.

இப்ப இந்தச் சின்னம் விக்கிறவங்க விஷயம். கேடயச் சின்னம் ஒரு ஆளுக்கோ ஒரு குடும்பத்துக்கோ குடுக்கிறது, பேருக்குக் குடுக்கிறதில்ல. எஸ்போசிட்டோன்னு யாரோ ஒருத்தர் பின்னாடி பெரிய ஆளாகி சின்னம் வாங்கியிருந்தாலும் அது உங்களோடது ஆகாது. 1948லேர்ந்து நடைமுறையில இருக்கிற இத்தாலிய அரசியல் சாசனம் பிரபு பட்டங்களையே அங்கீகரிக்கிறதில்ல. அந்தக் காசுல ஒரு நல்ல ரெக்கார்ட் காப்பி வாங்கலாம்ங்க.

தேடறவங்க முக்கியமா தெரிஞ்சிக்க வேண்டியது, 1808லேர்ந்து 1815 வரைக்கும் நேப்பிள்ஸ ஆண்ட முராத், அனாதைக் குழந்தைங்கள ஊரே அடையாளம் கண்டுபிடிக்கிற மாதிரி இந்தப் பேர் வெக்கக்கூடாதுன்னு தடுத்துட்டார். சக்கரம் நின்னது 1875ல. இடைப்பட்ட காலத்துல வந்த குழந்தைங்களுக்கு அதிகாரிங்க ஆளுக்கொரு புதுப் பேர் யோசிச்சு வெச்சாங்க. அதனால 1880ல பிறந்த உங்க எஸ்போசிட்டோ கொள்ளுத்தாத்தா அனேகமா அனாதைக் குழந்தை இல்ல, அவருக்கு முன்னாடி எங்கேயோ ஒருத்தர்தான் அந்தச் சக்கரத்துல வந்தவர். அதே சமயம் ஊர்ல வேற யாருக்குமே இல்லாத விநோதமான பேர் உள்ள ஒருத்தர் சக்கரத்துல வந்தவரா இருக்கலாம், இங்கதான் நெறைய பேர் தடம் மாறிப் போறாங்க.

அப்புறம் கப்பல். 1876லேர்ந்து 1915க்குள்ள சுமார் 1 கோடியே 40 லட்சம் பேர் இத்தாலிய விட்டு வெளிய போனாங்க, தெற்குக்காரங்களுக்கு நேப்பிள்ஸ் துறைமுகம்தான் வாசல். அமெரிக்காவுக்குக் குடியேற வந்தவங்கள சோதிச்ச நியூயார்க் எல்லிஸ் தீவுல ஆபீசர் எங்க பேர மாத்திட்டார்னு நெறைய குடும்பங்கள்ல ஒரு கதை ஓடும். ஆனா பயணிகள் பட்டியல் கப்பல் கம்பெனி ஏத்தற ஊர்லயே எழுதினது, தீவுல இருந்தவங்க அத சரிபாத்தாங்க, அவ்வளவுதான். ஸ்போசிட்டோன்னு சுருங்கினதெல்லாம் இத்தாலியிலயே நடந்திருக்கு, மத்த மாத்தம் பெரும்பாலும் அமெரிக்கா போய் வேலை, ஸ்கூல்னு ஆனப்புறம் குடும்பமே பண்ணிக்கிட்டது. ஸ்பெயின்லயும் இதே வழக்கம் இருந்ததால அர்ஜென்டினாவுல இந்தப் பேர் இருந்தா நேப்பிள்ஸ்தான்னு எடுத்துக்காதீங்க.

தேட ஆரம்பிக்கிறதுக்கு காசே வேண்டாம். இத்தாலிய அரசு ஆவணக் காப்பகங்களோட ஆன்டெனாட்டி போர்ட்டல்ல பிறப்பு, கல்யாணம், இறப்பு ரெஜிஸ்டர் படங்கள் இலவசம், நேப்பிள்ஸ்ல 1809லேர்ந்து சிவில் பதிவு இருக்கு. பொண்ணுங்கள பொறந்த வீட்டுப் பேர்ல தேடுங்க, கல்யாணத்துக்கு அப்புறமும் இத்தாலிய ரெக்கார்ட்ல அதுதான் வரும். ரெஜிஸ்டர்ல சக்கரம்னு வந்துட்டா அதுக்கு மேல பேப்பர்ல வழி அனேகமா இல்ல, டிஎன்ஏ டெஸ்ட் மட்டும்தான் ஏதாவது சொல்லும், அதுலயும் இன்னொரு எஸ்போசிட்டோவோட மேட்ச் ஆகலன்னா பயப்படாதீங்க, ஆகாம இருக்கிறதுதான் இயல்பு.

இன்னொண்ணு, குடும்பப்பேர் இத்தாலியப் பேரா இருந்தாலே பாஸ்போர்ட் வாங்கித் தர்றோம்னு அட்வான்ஸ் கேக்கிற ஏஜென்ட்டுங்க இருக்காங்க. 2025ல சட்டம் மாறிடுச்சு, வெளிநாட்டுல பிறந்து வேற குடியுரிமையும் உள்ளவங்களுக்கு பொதுவா பெத்தவங்க இல்ல தாத்தா பாட்டி வரைக்கும்தான், அவங்களும் இத்தாலியக் குடியுரிமை மட்டுமே வெச்சிருந்திருக்கணும், சில விதிவிலக்கு இருக்கு. பணம் கட்டறதுக்கு முன்னாடி உங்க ஊர் இத்தாலியத் தூதரகத்துல நேரா கேட்டுடுங்க.