ஹோமியோபொக்ஸ்: சொல் விளக்கம்

ஈரல் கட்டியில் எடுத்த பயொப்சியின் அறிக்கை மட்டக்களப்பிலோ கல்முனையிலோ கைக்கு வரும்போது, ‘சிடிஎக்ஸ்2 பொசிட்டிவ்’ என்றொரு வரி அதில் இருக்கலாம். சிடிஎக்ஸ்2 ஒரு ஹோமியோபொக்ஸ் பரம்பரையலகு. முளையத்தில் குடலைக் குடலாக்குவது அதன் வேலை.

‘ஹோமொயோஸ்’ என்றால் கிரேக்கத்தில் ‘ஒத்த’. ஓர் உறுப்பின் இடத்தில் இன்னோர் உறுப்பு முளைப்பதற்கு 1894இல் வில்லியம் பேற்சன் ‘ஹோமியோசிஸ்’ என்று பெயரிட்டார். பழ ஈயின் தலையில் உணர்கொம்புக்குப் பதிலாகக் கால் முளைப்பது இதற்கு நல்ல உதாரணம். இத்தகைய விகாரங்களுக்குக் காரணமான பரம்பரையலகுகளில் ஏறத்தாழ மாறாத, 180 மூலச்சோடி (டி.என்.ஏ.யின் எழுத்துச் சோடி) நீளமான துண்டொன்று இருப்பது 1984இல் வெளியானது. அதுவே ஹோமியோபொக்ஸ். அது குறிக்கும் 60 அமினோ அமிலங்கள் டி.என்.ஏ.யைப் பற்றிக்கொள்ள, மற்றப் பரம்பரையலகுகள் இயங்கும் அல்லது அடங்கும்.

‘ஒத்த பெட்டி’ என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் யாருக்கும் விளங்காது. துண்டை ‘உறுப்படையாளத் துண்டம்’ என்றும், இந்த வகை முழுவதையும் ‘விருத்தி ஒழுங்காக்கும் பரம்பரையலகுகள்’ என்றும் சொல்லலாம். தமிழ்நாட்டு நூல்களில் பரம்பரையலகு ‘மரபணு’ ஆகிவிடும். ‘ஹொக்ஸ்’ இவற்றுள் ஒரு குடும்பம் மட்டுமே: மனிதரில் 39; நிறமூர்த்தங்கள் 2, 7, 12, 17 ஆகியவற்றில் கொத்தாக உள்ளன. அந்தப் பெயரை அப்படியே விடுவது நல்லது.

ஹோமியோபொக்ஸ் பரம்பரையலகுகளைப் ‘புற்றுநோய்ப் பரம்பரையலகு’ என்று எழுதுவதுதான் பெரிய பிழை. ஹொக்ஸ் ஏ9 என்பு மச்சையின் மூலக்கலங்களில் இயங்கி, கலம் முதிர முதிர அடங்கவேண்டும். 11ஆம் நிறமூர்த்தத்தில் உள்ள எம்எல்எல் என்ற பரம்பரையலகு முறிந்து வேறொரு பரம்பரையலகோடு ஒட்டிக்கொண்டால் ஹொக்ஸ் ஏ9 அடங்குவதில்லை; கலங்கள் முதிராமலே பெருகிக் குருதிப் புற்றுநோயாகின்றன. இப்படி ஒட்டிய பரம்பரையலகு உண்டாக்கும் ஒட்டுப்புரதம் டி.என்.ஏ.யில் தொற்றிநிற்க மெனின் என்ற புரதம் வேண்டும். மெனினைத் தடுக்கும் ரெவுமெனிப் மருந்துக்கு 2024 நவம்பரில் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. சிடிஎக்ஸ்2இன் கதை நேரெதிர்: பெருங்குடல் புற்றில் அது அணைந்துபோனால்தான் நோய் கடுமை.

‘சிடிஎக்ஸ்2 பொசிட்டிவ்’ (அதன் புரதம் சாயத்தில் தெரிந்தது) என்ற வரிக்கு, கட்டி பெரும்பாலும் குடலிலிருந்து வந்திருக்கலாம் என்பதே பொருள். இரைப்பை, சதையி, சூலகக் கட்டிகள் சிலவும் பொசிட்டிவ் காட்டும். அதனால் சிகே7, சிகே20 என்ற வேறிரு புரதங்களின் முடிவுகளோடு சேர்த்துத்தான் வாசிப்பார்கள். நெகட்டிவ் வந்தால், மாதிரி எப்படி வைக்கப்பட்டது என்றும் பார்க்கவேண்டும். இழையத்தின் பத்து மடங்கு கனவளவு 10% போர்மலினில் உடனே இடாமல் சேலைனில் வைத்திருந்தால், கலத்தின் நொதியங்களே புரதத்தைச் சிதைத்துவிடும், சாயம் பிடிக்காமல் போகலாம்.