அளவு வரவில்லையா? எழுதாதீர்கள்!

பெங்களூரில் நர்சிங் மாணவிகளை வார்டு போஸ்டிங்குக்கு அழைத்துப் போய்க் கற்றுக்கொடுப்பது என் வேலை. கிருஷ்ணகிரி, தர்மபுரி, வேலூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் நிறைய வருகிறார்கள். கருவி சரியில்லாவிட்டால் ஏதோ ஓர் எண்ணை எழுதிவிடாதீர்கள் என்று பலமுறை வாயால் சொல்லிவிட்டேன். போன வாரம் நடந்ததைப் பார்த்த பிறகு எழுதியே ஆகவேண்டும் என்று தோன்றியது.

பெண்கள் வார்டில் ஒரு வரிசை முழுக்க, காலை பி.பி. எல்லாருக்கும் ஏறியிருந்தது. சிவாஜிநகரிலிருந்து வந்திருந்த ஓர் அம்மா, “எனக்கு பிரஷரே கிடையாதேம்மா, நேத்து ராத்திரிகூட நல்லா இருக்குன்னாங்களே” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். டாக்டர் மாத்திரை எழுதப் போகிற நேரம். கருவியை வாங்கிப் பார்த்தேன். கையில் சுற்றும் பட்டையான கஃப்பில் துளி காற்று இல்லை, வால்வு முழுக்கத் திறந்திருக்கிறது, முள் மட்டும் 20-இல் நிற்கிறது. வேறு கருவியில் எடுத்தால் 128/78.

அளவெடுத்த பெண்ணைக் கேட்டேன். “முள்ளைப் பார்த்தேன் மேடம். எனக்குத்தான் சரியா எடுக்கத் தெரியலையோன்னு நினைச்சேன்” என்றாள்.

இந்த ‘எனக்குத்தான் தெரியலையோ’ என்ற நினைப்பை எப்படி ஒழிப்பது என்றே தெரியவில்லை. டிராலியில் இருக்கும் கருவி சரியாகத்தான் இருக்கும், யாரோ பார்த்துத்தான் வைத்திருப்பார்கள் என்று நம்புகிறார்கள். மூன்று ஷிஃப்டிலும் கை மாறுகிற கருவி அது. கீழே விழுகிறது, குழாய் மடங்குகிறது, வால்வு தளர்கிறது. முள் வைத்த பி.பி. கருவி கீழே விழுந்தால் அதன் அளவே மாறிவிடலாம். அதனால்தான் ஆறு மாதத்துக்கோ வருடத்துக்கோ ஒருமுறை சரிபார்த்துத் தேதி ஒட்டவேண்டும் என்கிறோம். அந்த ஸ்டிக்கரை எத்தனை பேர் படிக்கிறீர்கள்? முதலாண்டு மாணவிக்குக் கை பழகியிருக்காது, உண்மைதான். ஆனால் யார் கையிலும் மாட்டாமல் சும்மா கிடக்கும்போதே முள் 20-இல் நின்றால், அதற்கும் உங்கள் கைப்பழக்கத்துக்கும் என்ன சம்பந்தம்? இது சந்தேகம் வரவேண்டிய விஷயமே இல்லை.

பயத்துக்குக் காரணம் எனக்குத் தெரியும். ‘நீதான் உடைத்தாய்’ என்று பிரேக்கேஜ், அதாவது உடைந்த பொருளுக்கான பணம், கட்டச் சொல்வார்கள், இன்டர்னல் மார்க்கில் கை வைப்பார்கள். கன்னடம் வராத பிள்ளைகளுக்கு இன்சார்ஜ் சிஸ்டரிடம் வாய் திறக்கவே கூச்சம். அதனால் முந்தைய ஷிஃப்டில் என்ன இருந்ததோ அதையே பார்த்து எழுதிவிடுகிறார்கள். அல்லது 120/80, நாடி 72, மூச்சு 18. வார்டில் இருக்கிற அத்தனை பேருக்கும் மூச்சு 18 என்றால் யாருமே எண்ணவில்லை என்று அர்த்தம். சார்ட்டைப் பார்க்கிற எங்களுக்கு அது உடனே தெரிந்துவிடும். அளவு வரவில்லை என்றால் அந்தக் கட்டத்தில் எண்ணைப் போடாதீர்கள். “சிஸ்டர், அஞ்சாம் பெட், பி.பி. மெஷின் கெலச மாட்தா இல்ல” (வேலை செய்யவில்லை) என்று அரைகுறைக் கன்னடத்தில் சொன்னால் போதும். அப்புறம் வேறு கருவி வாங்கி எடுங்கள்.

இதற்கு நேர் எதிரான தப்பும் நடக்கிறது, அது இன்னும் ஆபத்து. விரலில் மாட்டி ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு பார்க்கும் ஆக்சிமீட்டர் 84 காட்டுகிறது. ‘மெஷின் சரியில்லை’ என்று ஒவ்வொரு விரலாக மாற்றி மாற்றி மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். நோயாளியோ ஒரு வாக்கியத்தை முழுசாகப் பேசமுடியாமல் திணறுகிறார். முதலில் ஆளைப் பாருங்கள். உதடு, மூச்சின் வேகம், பேச்சு. உதவிக்குக் குரல் கொடுங்கள். விரல் சில்லென்று இருக்கிறதா, மருதாணியா, நகப்பூச்சா என்பதையெல்லாம் அடுத்து பார்க்கலாம். கருவி காட்டும் துடிப்பும் மணிக்கட்டில் நீங்கள் எண்ணிய நாடியும் ஒத்துப்போகாவிட்டால் அந்த அளவை நம்பமுடியாது.

ஷிஃப்ட் தொடங்கியதும் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். சளியை உறிஞ்சி எடுக்கும் சக்‌ஷன் கருவியின் குழாயை மடக்கிப் பிடித்தால் மீட்டர் ஏறவேண்டும். ஏறாவிட்டால் ஜாடி மூடியைப் பாருங்கள், பெரும்பாலும் அங்கேதான் காற்று கசியும். ஆக்சிஜன் சிலிண்டரில் எவ்வளவு மிச்சம், திறக்கும் சாவி பக்கத்தில் இருக்கிறதா? குளுக்கோமீட்டர் ஸ்ட்ரிப் டப்பா திறந்தபடி கிடந்ததா? சர்க்கரை திடீரென்று 300 காட்டினால், மீட்டரைத் திட்டும் முன் நோயாளி மாம்பழம் சாப்பிட்ட கையா என்று கேளுங்கள். கையைக் கழுவித் துடைத்து மறுபடி எடுங்கள்.

டிரிப்ஸை அளவோடு செலுத்தும் இன்ஃபியூஷன் பம்ப் நின்றுபோனால் முதலில் குழாயில் ஓட்டத்தை நிறுத்தும் ரோலரை மூடுங்கள், பிறகுதான் டிரிப்ஸ் குழாயான செட்டைப் பம்பிலிருந்து கழற்றவேண்டும். மாற்றிச் செய்தால் பாட்டில் மடமடவென்று உள்ளே இறங்கிவிடும். ஒரு மில்லிக்கு 20 சொட்டு செட்டில், மணிக்கு 100 மில்லி போகவேண்டுமானால் நிமிடத்துக்கு 33 சொட்டு. இந்தக் கணக்கு விரல்நுனியில் இருக்கட்டும். ஆனால் சில மருந்துகளைப் பம்ப் இல்லாமல் ஓட்டவே கூடாது, அதனால் சிஸ்டரைக் கேட்காமல் நீங்களாக மறுபடி தொடங்காதீர்கள். பிளக்கைப் பிரிப்பது, டேப் சுற்றுவது எல்லாம் கருவிகளைப் பழுதுபார்க்கும் பயோமெடிக்கல் ஆட்களின் வேலை. தயவுசெய்து தொடாதீர்கள்.

கருவியால் நோயாளிக்குத் தீங்கு நேர்ந்தால் அதைத் தெரிவிக்க, 2015-இல் தொடங்கிய மெட்டீரியோவிஜிலன்ஸ் திட்டம் இருக்கிறது. காசியாபாத்தில் உள்ள இந்தியன் ஃபார்மகோபியா கமிஷன் (மருந்துகளின் தரநூலை வெளியிடும் ஆணையம்) அதை நடத்துகிறது. நர்ஸும் தெரிவிக்கலாம். பாடத்தில் படித்து மார்க் வாங்குகிறோம், வார்டில் படிவத்தை யாரும் தேடுவதில்லை.

கல்லூரி நடத்துபவர்களிடமும் ஒன்று கேட்கிறேன். வார்டில் பழுதைச் சொன்ன மாணவியிடம் பிரேக்கேஜ் வாங்காதீர்கள். ஸ்டாஃப் சிஸ்டர்களே, பிள்ளைகள் சொன்னதும் அந்தக் கருவியில் ‘பழுது’ என்று எழுதி ஒட்டி, தேதி போட்டு, பயோமெடிக்கலுக்கு அனுப்பும்வரை பூட்டி வையுங்கள். மறுபடி டிராலியில் வைத்தால் இரவு ஷிஃப்டுக்கு வருகிற பெண் அதையே எடுத்துக்கொண்டு போவாள்.