கூலன்ட் ஓடுகிறது, ஆனால் எங்கே விழுகிறது?

மெஷினில் உலோகத்தை வெட்டும் டூல் சீக்கிரம் தேய்கிறது என்று யாராவது அழைத்தால், நான் ஸ்பீடு, ஃபீடு (டூல் முன்னேறும் வேகம்) எதையும் கேட்பதற்கு முன்னால், வெட்டும் இடத்தைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டைப் பீய்ச்சும் நாசிலைத்தான் பார்ப்பேன். நீளமான டூலுக்குத் திருப்பி வைத்த நாசில் அப்படியே இருக்கும். அடுத்து வரும் டூல் குட்டையானது. கூலன்ட் வேறெங்கோ பீய்ச்சும். மெஷினுக்குள் எல்லாம் நனைந்திருக்கும், வெட்டுமுனையைத் தவிர.

எஃகை கோட்டிங் உள்ள கார்பைடு இன்செர்ட்டால் (டூலில் பொருத்தும் கடினமான வெட்டுத் துண்டு) மில்லிங் செய்யும்போது, அதாவது சுழலும் டூலால் வெட்டும்போது, இதில் இன்னொரு சிக்கல் உண்டு. ஒவ்வொரு சுற்றிலும் முனை ஜாபுக்குள் (வெட்டப்படும் உலோகத்துக்குள்) நுழைந்து சூடாகிறது, வெளியே வந்ததும் கூலன்ட்டில் சட்டென்று குளிர்கிறது. நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை இப்படி நடந்தால் கார்பைடு தாங்காது. முனைக்குக் குறுக்கே சீப்புப் பல் போல நுண்விரிசல்கள் விழும், பிறகு துண்டு துண்டாக உதிரும். இந்த வேலைக்குக் கூலன்ட்டை நிறுத்திவிட்டு, சிப்ஸை (வெட்டுப்பட்டு விழும் உலோகச் சீவல்களை) ஏர் வைத்து ஊதித் தள்ளுங்கள் என்றால் பலர் நம்புவதில்லை. செய்து பார்த்தவர்கள் மறுபடி பம்பைப் போடுவதில்லை. டைட்டானியத்துக்கும் நிக்கல் அலாய்க்கும் இந்த யோசனை பொருந்தாது. அங்கே கூலன்ட் தாராளமாக, இடைவிடாமல் வர வேண்டும். விட்டு விட்டு வருவதுதான் எல்லாவற்றிலும் மோசம்.

ஆழமான துளையில் வெளியிலிருந்து எவ்வளவு ஊற்றினாலும் பயன் குறைவு. மேலே ஏறி வரும் சிப்ஸே கூலன்ட்டை வெளியே தள்ளிவிடும், அடியில் போய்ச் சேரும் கொஞ்சமும் ஆவியாகிவிடும். டிரில்லின் உள்ளே துளை வழியாக அனுப்பினால், அது முனையிலேயே வெளிப்பட்டு சிப்ஸைக் கையோடு மேலே கொண்டுவரும். பல மெஷின்களில் இதற்கு 70 பார் அழுத்தம் வரை கிடைக்கிறது. ஆனால் ஃபில்டர் நன்றாக இல்லையென்றால் அந்தச் சிறு துளைகள் அடைத்துக்கொள்ளும். அடைத்தது தெரியாமல் ஓட்டினால் டிரில் போய்விடும்.

காற்றோடு துளி எண்ணெயைக் கலந்து தெளிக்கும் எம்கியூஎல் முறைக்கு மணிக்கு 50 மில்லிக்கும் குறைவான எண்ணெயே போதும். அலுமினியத்தில் சிப்ஸ் முனையில் ஒட்டாமல் அழகாக வெட்டும். அது உராய்வைக் குறைக்குமே தவிர, சூட்டைப் பெரிதாக இழுக்காது.

மெக்னீசியத்துக்கு மட்டும் சாதாரணத் தண்ணீர்க் கூலன்ட்டை நினைத்தும் பார்க்காதீர்கள். ஹைட்ரஜன் வாயு உண்டாகும், தீப்பிடித்தால் தண்ணீரே அதை வளர்க்கும்.

எனக்கு அதிகம் கவலை தருவது ஆபரேட்டரின் மூச்சு. அழுத்தம் கூடக் கூட மெஷினுக்குள் கூலன்ட் மூடுபனி கூடும். ஒரு ஜாபை வெட்டும் சைக்கிள் முடிந்த கையோடு கதவைத் திறந்து தலையை உள்ளே நீட்டுவதை தினமும் பார்க்கிறேன். மூடுபனியை உறிஞ்சும் மிஸ்ட் கலெக்டர் அதை இழுத்து முடிக்க, சில நொடிகள் காத்திருங்கள். விடுமுறை முடிந்து வந்ததும் கூலன்ட் டேங்க் நாறினால், மெஷினிலிருந்து கசிந்து மேலே மிதக்கும் லூப் ஆயில் (மசகு எண்ணெய்) காற்றை மறைத்து, அடியில் பாக்டீரியா பெருகியிருக்கிறது. அந்தக் கூலன்ட்டின் துளிகள்தான் அன்று முழுக்க உங்கள் நுரையீரலுக்குள் போகும்.