என்ஐவி: ஊடுருவா மூச்சுத்துணை

ஐசியூவில் மூச்சிளைப்பு கூடிய நோயாளிக்கு ‘என்ஐவி போடுங்க’ என்பார் மருத்துவர். ‘பைபாப் வைக்கிறோம்’ என்பார் சிஸ்டர். வெளியே காத்திருக்கும் வீட்டார் காதில் அது ‘வென்டிலேட்டர் வெச்சுட்டாங்க’ என்று விழும். அடுத்த நிமிடம் ஊருக்குப் போன் போகும்.

என்ஐவி என்பது நான்-இன்வேசிவ் வென்டிலேஷன் என்பதன் சுருக்கம். வென்டிலேஷனுக்கு வேர் லத்தீன் ‘வென்டுஸ்’, அதாவது காற்று. அதிலிருந்து பிறந்த ‘வென்டிலாரே’ என்ற வினைக்கு விசிறுதல் என்று பொருள். இன்வேசிவ் என்பதும் லத்தீன்தான்: உள்ளே புகுதல். தொண்டை வழியே மூச்சுக்குழலுக்குள் குழாய் இறக்காமல், மூக்கையும் வாயையும் மூடும் மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தித் தருவதால், ‘அல்லாத’ என்று பொருள்படும் ‘நான்’ (non) முன்னால் சேர்ந்தது.

இப்படி மாஸ்க் வழியே காற்று தரும் கருவியைத்தான் சிஸ்டர் பைபாப் என்கிறார். அது உண்மையில் ரெஸ்பிரானிக்ஸ் நிறுவனத்தின் வணிகப் பெயர். ஜெராக்ஸ் மாதிரி பொதுப்பெயராகிவிட்டது. மூச்சை இழுக்கும்போது கூடுதல் அழுத்தம், விடும்போது குறைவு என அதில் இரண்டு நிலைகள். ஒரே அழுத்தம் தரும் சிபாப் அதற்கு மூத்தது. தூக்கத்தில் மூச்சடைப்பவர்களுக்கு அது பலன் தருவதைச் சிட்னியில் காலின் சல்லிவன் குழு 1981இல் வெளியிட்டது.

தமிழில் ‘செயற்கைச் சுவாசம்’ என்று எழுதுவது இங்கே பொருந்தாது. மூச்சு விடுபவர் நோயாளியேதான். கருவி கைகொடுக்கிறது, அவ்வளவே. ஆகவே ‘துணை’ என்ற சொல் அவசியம். சுவாசம் வடசொல். பழந்தமிழில் உயிர்த்தல் என்றாலே மூச்சுவிடுதல். 880ஆம் குறளில் ‘உயிர்ப்ப’ அந்தப் பொருளில்தான் வருகிறது. அழகான சொல், ஆனால் ‘உயிர்ப்புத்துணை’ என்று ஐசியூ வாசலில் சொன்னால் வீட்டார் பதறிப்போவார்கள். ஊடுருவா மூச்சுத்துணை என்பதே என் தேர்வு. படுக்கையருகே அதுவும் வேண்டாம், ‘குழாய் போடாம மாஸ்க்ல காத்து குடுக்குறோம்’ என்றால் போதும்.

அங்கே எப்படிச் சொல்கிறோம் என்பது மிக முக்கியம். ஏற்கெனவே மூச்சு முட்டுபவரின் முகத்தில் எதையாவது வைத்து வாரை இறுக்கினால் பிடுங்கத்தான் பார்ப்பார். அதைப் பிடிவாதம் என்று எழுதிவைப்பது அநியாயம். தலைமாட்டை உயர்த்தி, மாஸ்க்கை முதலில் அவர் கையிலேயே கொடுக்க வேண்டும். அவரே முகத்தில் பொருத்தி நாலைந்து மூச்சு இழுத்துப் பார்க்கட்டும். ‘அய்யா, காத்து தானா வரும், அதோட மல்லுக்கட்டாதீங்க. மெதுவா இழுங்க, மெதுவா விடுங்க.’ பழகிய பிறகு வார். இரண்டு விரல் நுழையும் அளவுக்குத் தளர்வாக. பல இடங்களில் இழுக்கும்போது 8 முதல் 10, விடும்போது 4 அல்லது 5 செ.மீ. நீரழுத்தத்தில் தொடங்கி, நோயாளி தாங்குவதைப் பார்த்து ஏற்றுகிறார்கள். லேசாகக் காற்று கசிந்தால் பரவாயில்லை, கண்ணில் அடித்தால் சரிசெய்ய வேண்டும். மூக்குத்தண்டில் புண் வராமல் மெத்தென்ற ஒட்டுப்பட்டை, வாய் உலர்ந்தால் ஈரப்பதமூட்டி.

அப்புறம், வாந்தி. குமட்டல் வந்தால் கையைத் தூக்கவும், மாஸ்க்கைச் சட்டென்று கழற்றவும் தொடக்கத்திலேயே சொல்லித்தர வேண்டும்; மாஸ்க்குக்குள் எடுத்த வாந்தி நுரையீரலுக்குள் போய்விடக்கூடும். அழைப்பு மணி அவர் கைக்கு எட்டுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் படுக்கையை விட்டு நகர வேண்டும்.