இசைதானே என்று காதை விட்டுவிடாதீர்கள்

இந்த மாதத்தில் காதுக் கோளாறோடு என்னிடம் வந்த இசைக்கலைஞர்களில் இவர் மூன்றாவது ஆள். வயது ஐம்பதை நெருங்குகிறது. பகலில் ஸ்டுடியோவில் ஸ்டிரிங்ஸ் குழுவை நடத்துகிறார். நடுநடுவே விளம்பரங்களுக்குச் சொந்தமாக இசையமைக்கிறார். இரவில் உட்கார்ந்து மற்றவர்களின் மெட்டுக்கு எந்த வாத்தியம் எதை வாசிப்பது என்று அரேஞ்ச்மென்ட் எழுதுகிறார்.

"ஒரே ஸ்வரம் வலது காதுல சுருதி ஏறிக் கேக்குது மேடம். குறும்பி அடைச்சிருக்கும், சொட்டு மருந்து குடுங்க" என்றார்.

குறும்பி இல்லை. செவித்திறனைக் காட்டும் வரைபடமான ஆடியோகிராமில் 4000 ஹெர்ட்ஸ் பக்கம் கோடு பள்ளமாக இறங்கியிருந்தது. வருடக்கணக்கில் பெருஞ்சத்தத்தில் வேலை செய்தவர்களின் பள்ளம் அது. சொன்னதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் என்ன லேத் பட்டறையிலயா இருக்கேன்? இது இசை மேடம்!"

இதைக் கேட்டுக் கேட்டு எனக்குப் பொறுமை போய்விட்டது. ஒலியை உணரும் உள்காதின் மயிரிழைச் செல்களுக்கு ராகமும் தெரியாது, லேத்தும் தெரியாது. எவ்வளவு சத்தம், எவ்வளவு நேரம், அவ்வளவுதான் கணக்கு. பணியிடப் பாதுகாப்பை ஆராயும் அமெரிக்காவின் நியோஷ் நிறுவனம் 85 டெசிபலுக்கு நாளொன்றுக்கு 8 மணி நேரம் என்று வரம்பு வைத்திருக்கிறது. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 88 என்றால் 4 மணி, 94 என்றால் ஒரே மணி. டிரம்பெட்டின் 94-க்குத் தனிச் சலுகை கிடையாது.

லண்டன் ராயல் ஓபரா ஹவுஸில் 2012-ல் ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னரின் ஓபரா ஒத்திகை ஒன்றில், டிரம்பெட் போன்றவை வாசிக்கும் பிராஸ் குழுவுக்கு நேர் முன்னால் அமர்ந்திருந்த வியோலா (வயலினைவிடச் சற்றுப் பெரிய வாத்தியம்) கலைஞர் ஒருவரின் செவித்திறன் பாழானது. இரைச்சல் எங்கள் தொழிலில் பக்கவிளைவு அல்ல, எங்கள் படைப்பே ஒலிதான் என்று நிர்வாகம் வாதாடியது. 2018-ல் உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை.

காதில் ரீங்காரமும் உண்டா என்று கேட்டேன். விவரிக்கத் தெரியவில்லை. இப்படிப்பட்டவர்களுக்கு ஸ்மெதனாவின் நால்வர் இசை ஒன்றைப் போட்டுக் காட்டுவது என் வழக்கம். ஸ்மெதனா பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிராக் நகர நாடக அரங்கின் தலைமை கண்டக்டர், இசையமைப்பாளர். 1874-ல் செவி போனது. அவருக்குக் காரணம் நோய், சத்தமல்ல, அதைச் சொல்லிவிடுகிறேன். ஆனால் தன் காதில் ஒலித்ததை 1876-ல் எழுதிய அந்தப் படைப்பின் கடைசிப் பகுதியில், வயலினில் நீளும் ஓர் உச்ச ஸ்தாயி ஸ்வரமாகவே வைத்துவிட்டார். இவர் கேட்டதும் பேச்சை நிறுத்திவிட்டார்.

நடத்துவது, இயற்றுவது, அரேஞ்ச் செய்வது மூன்றும் தொழிலுக்குத்தான் தனித்தனி. காது ஒன்றுதான். இரவு வேலை காதுக்கு ஓய்வு என்று நினைக்கிறார்கள். பகல் ரெக்கார்டிங்கில் மந்தமான காதோடு ஹெட்ஃபோன் மாட்டினால் கை தானாக வால்யூமைக் கூட்டுகிறது. அன்றைய கணக்கில்தான் அதுவும் சேர்கிறது. அழிந்துபோன மயிரிழைச் செல் மனிதருக்குத் திரும்ப முளைக்காது.

பஞ்சு வைக்காதீர்கள், அது பாதுகாப்பே இல்லை. சாதாரண ஃபோம் அடைப்பான் மேல் ஸ்தாயியை விழுங்கிவிடும், அதனால்தான் நீங்கள் கழற்றி எறிகிறீர்கள். இசைக்கலைஞர்களுக்கென்றே இருக்கும் இயர்பிளக் எல்லா ஸ்தாயியையும் ஏறக்குறைய சமமாகக் குறைக்கும்; 9, 15, 25 டெசிபல் என்று வகைகள் உண்டு. முதலில் சில நாள் உங்கள் குழுவே வேறு மாதிரி கேட்கும். பழகுங்கள். வருடம் ஒருமுறை ஆடியோகிராம் எடுத்துப் பழையதோடு ஒப்பிடுங்கள். ஒரு காது திடீரென்று அடைத்துக்கொண்டால் ரெக்கார்டிங் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் ஓடுங்கள்.

புதிதாக வரும் பிள்ளைகளே, உங்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன். அந்த இயர்பிளக்குக்காகக் காதுக்கு அச்சு எடுக்கச் சில நிமிடம்தான் ஆகும். அடுத்த கால்ஷீட்டுக்கு முன்னால் வந்துவிடுங்கள்.