புகார்: கடன் வாங்கிய கூக்குரல்

சிங்கப்பூரின் துவாஸில் ஒரு வேலையிடத்து கேன்டீன் சுவரில் நான்கு மொழிகளில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது. தமிழ்ப் பகுதி இப்படி: “வன்முறைக்கான அறிகுறி தெரிந்தால் உடனே புகார் செய்யவும்.” சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே அதைப் படித்த தம்பி ஒருவர் என்னிடம் கேட்டார்: “அண்ணே, அவன் இன்னும் அடிக்கவே இல்லையே, என்னன்னு புகார் குடுக்குறது?”

‘அவன்’ என்றது விடுதியில் அவருடைய அறைக்காரரை. கடன் தகராறு. லாக்கர் கதவு குத்து வாங்கி உள்ளே நசுங்கியிருந்தது. இரண்டு இரவாக வாட்ஸ்அப்பில் குரல் பதிவு: “நாளைக்கு சைட்ல பாத்துக்குறேன்.” அறிவிப்பு கேட்டது இதைத்தான். தம்பியைத் தடுத்தது அந்த ஒரு சொல்.

புகார் என்றதும் நமக்கு நினைவு வருவது காவிரி கடலில் புகும் இடத்துத் துறைமுகம். அந்தப் புகார் வேறு, தமிழ்ச் சொல். நாம் ‘கொடுக்கிற’ புகார் இந்துஸ்தானியிலிருந்து வந்தது. அங்கே அதற்குக் கூப்பிடுதல், கூவுதல் என்று பொருள். இந்தியில் குற்றச்சாட்டைச் சொல்ல ‘ஷிகாயத்’ என்பார்கள். நம்மிடம் அந்தக் கூக்குரல் குற்றச்சாட்டாகவே நிலைத்துவிட்டது. பஞ்சாயத்துகளில் புழங்கிய ‘பிராது’ பாரசீக ‘ஃபரியாத்’தின் திரிபு, அதற்கும் ஓலம் என்றுதான் பொருள். இரண்டு முறை கடன் வாங்கினோம், இரண்டு முறையும் அழுகுரலைத்தான் வாங்கியிருக்கிறோம்!

நேர்த் தமிழ் எது? முறையீடு. இலங்கையில் முறைப்பாடு என்பார்கள். முறை என்றால் நீதி. குறள் ‘முறை செய்தல்’ என்பது நீதி வழங்குவதை. புகார் நகரத்துக் கண்ணகி மதுரை அரண்மனை வாசலுக்குப் போனதும் முறையிடத்தான், புகார் கொடுக்க அல்ல. (வன்முறையிலும் ஒரு ‘முறை’ ஒட்டிக்கொண்டிருக்கிறது. அது நீதி இல்லை, வெறும் வழி.)

சரி, சுவரில் ‘முறையிடவும்’ என்று மாற்றி ஒட்டினால் போதுமா? போதாது. கண்ணகி முறையிட்டபோது கோவலன் இறந்துவிட்டான். முறையீட்டுக்கு ஏற்கெனவே ஒரு தீங்கு வேண்டும், குற்றவாளி என்று ஒருவர் வேண்டும். ஆங்கில ‘ரிப்போர்ட்’டுக்கு இரண்டும் வேண்டாம், அதன் லத்தீன் வேர் சொல்வது, திரும்பச் சுமந்து வருதல். பார்த்ததைக் கொண்டுவந்து சேர்த்தால் வேலை முடிந்தது. அதைப் புகார் என்று மொழிபெயர்த்தவுடன் சொல்ல வந்தவர் ‘போட்டுக்கொடுத்தவர்’ ஆகிவிடுகிறார்.

சிங்கப்பூர்ச் சட்டமும் அடி விழட்டும் என்று காத்திருப்பதில்லை. 2014இல் வந்த துன்புறுத்தலிலிருந்து பாதுகாக்கும் சட்டத்தின் 5ஆம் பிரிவு, தன்மேல் வன்முறை பாயும் என்று ஒருவரை நம்பவைக்கும் நோக்கத்தோடு மிரட்டுவதையே குற்றமாக்குகிறது. முதல் குற்றத்துக்கு 5,000 வெள்ளி வரை அபராதம், 12 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அரசாங்கம், தொழிற்சங்கம், முதலாளிகள் சேர்ந்து 2015இல் வெளியிட்ட முத்தரப்பு ஆலோசனைக் குறிப்பும், வேலையிடத் துன்புறுத்தலைத் தெரிவிக்க நிறுவனத்துக்குள்ளேயே ஒரு வழி இருக்க வேண்டும் என்கிறது. கத்தியை எடுத்துவிட்டால் இந்தச் சொல்லாராய்ச்சி எல்லாம் வேண்டாம், 999தான்.

அதற்கு முந்தைய கட்டத்துக்கு, அதாவது பொருளை உடைப்பது, ஒருவரையே விடாமல் பின்தொடர்வது, நாள் குறித்து மிரட்டுவது போன்றவற்றுக்கு, ‘தெரிவிக்கவும்’ என்று எழுதலாம் என்று நினைத்திருந்தேன். தவறில்லை, ஆனால் அரசாங்க வாடை.

அன்று மாலை தம்பி சூப்பர்வைசரிடம் போனார். கைப்பேசியை நீட்டி, குரல் பதிவை ஓடவிட்டார். “புகாரெல்லாம் இல்ல சார். சும்மா சொல்லிவைக்கிறேன்.”

சொல்லிவைத்தல்! ‘வை’ என்ற துணைவினை, பின்னால் உதவட்டும் என்று இப்போதே செய்வதைக் காட்டும்: வாங்கிவை, எழுதிவை, பூட்டிவை. நடக்காத ஒன்றைப் பற்றி யார் மேலும் பழி போடாமல் முன்கூட்டியே காதில் போட நம்மிடம் சொல் இருந்திருக்கிறது, அகராதியில் தேடிய எனக்குத்தான் அகப்படவில்லை. மறுநாள் காலை தம்பியும் அறைக்காரரும் வேறு வேறு லாரியில் ஏறினார்கள்.