கற்றல் குறைபாடு: பெரியவர்களுக்கும் உரிய சொல்

மேலூர்ப் பக்கம் மாலை நேர எழுத்தறிவு மையத்தில் பாடம் சொல்லித்தரும் தன்னார்வலரிடம் ‘கற்றல் குறைபாடு’ என்று சொல்லிப் பாருங்கள். பள்ளிப் பிள்ளைகளைப் பற்றிய பேச்சு என்றே எடுத்துக்கொள்வார். எதிரே கரும்பலகையை உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கும் ஐம்பது வயது அக்காவுக்கும் அது இருக்கலாம் என்று தோன்றாது. ‘வயதாகிவிட்டது தம்பி, மண்டையில் ஏறவில்லை’ என்று அக்காவே பேச்சை முடித்துவிடுவார்.

சொல்லின் வரலாறோ நேர்மாறு. கற்றல் குறைபாடுகளில் ஒன்று, எழுத்தை வாசிப்பதில் வரும் சிக்கலான டிஸ்லெக்ஸியா. அந்தப் பெயரை 1887-இல் தம் நூலில் விளக்கியவர் ருடால்ஃப் பெர்லின் என்ற ஜெர்மானியக் கண் மருத்துவர். கிரேக்கத்தில் ‘டிஸ்’ என்றால் இடர். ‘லெக்ஸிஸ்’ என்றால் சொல். அவர் பார்த்தவர்கள், நன்றாகப் படித்துவந்து மூளைப் பாதிப்பால் வாசிப்பை இழந்த பெரியவர்கள்! 1896-இல் பிரிங்கிள் மார்கன் என்ற ஆங்கிலேய மருத்துவர் 14 வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி எழுதிய பிறகே பிறவியிலேயே வரும் வாசிப்புச் சிக்கல் கவனம் பெற்றது. 1960-களில் அமெரிக்க உளவியலாளர் சாமுவேல் கிர்க் ‘கற்றல் குறைபாடு’ என்ற பொதுப்பெயரைப் பரப்பினார். அது பள்ளிக்கூடத்தோடு ஒட்டிக்கொண்டது. நம் நாட்டின் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் இதுவும் ஒன்று. அங்கே வயது வரம்பு ஏதும் இல்லை.

அறிவுசார் குறைபாடு வேறு, இது வேறு. அது பொதுவான புரிதல் திறனே குறைவாக இருப்பது. இது, அறிவு சரியாக இருந்தும் வாசிப்பது, எழுதுவது, கணக்குப் போடுவது போன்றவற்றில் வரும் சிக்கல். பிரிட்டனில் ‘லேர்னிங் டிஸபிலிட்டி’ என்ற இதன் ஆங்கிலச் சொல் அறிவுசார் குறைபாட்டையே குறிக்கும். அங்கே அச்சான பயிற்சிக் கையேட்டைத் தமிழாக்குபவர் இதில் சறுக்கினால், கணக்கில் கெட்டியான ஒரு பூ வியாபாரிக்கு மந்தபுத்தி என்ற பட்டம் விழும்.

தன்னார்வலர்களுக்கான பயிற்சியில் முதலில் சொல்லித்தர வேண்டியது பிரித்தறிதல். நாற்பதைத் தாண்டியவருக்கு, கிட்டத்து எழுத்து மங்கலாகத் தெரியும் வெள்ளெழுத்து இருக்கலாம். கண்ணாடி போட்டதும் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். பள்ளி வாசலையே மிதிக்காதவரின் தடுமாற்றம் பழகப் பழகக் குறையும். ‘மேலூர்’ என்ற பஸ் பலகையை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்கு முதலில் படுவது இரட்டைக் கொம்பு. காதுக்கு முதலில் வருவது ‘ம்’. தொடக்கத்தில் எல்லோரும் இங்கே இடறுவார்கள். கூடப் படிப்பவர்கள் கடந்துபோன பிறகும் ஒருவர் மட்டும் அதே இடத்தில் நின்றால், நேற்று வாசித்த சொல்லை இன்று புதிதாகப் பார்த்தால், அப்போதுதான் சந்தேகிக்க வேண்டும்.

தமிழில் என்ன சொல்வது? பொதுப்பெயருக்குக் கற்றல் குறைபாடு, டிஸ்லெக்ஸியாவுக்கு வாசிப்புக் குறைபாடு. இரண்டும் வழக்கில் உள்ளன, மாற்றத் தேவையில்லை. ஆனால் மையத்தில் பேச ‘வாசிப்பதில் சிரமம்’ போதும். குறைபாடு என்று முடிவு கட்டுவது உளவியலாளரின் வேலை. ஆசிரியர் தம் பதிவேட்டில் கண்டதை மட்டும் எழுதட்டும்: ‘கண்ணாடி போட்டிருக்கிறார், கொம்பு வரும் சொற்களில் இன்னும் தடுமாறுகிறார், வாயால் சொன்னால் உடனே புரிந்துகொள்கிறார்.’